ஸ்பானிய மொழியில் எண்ணுப்பெயரும் எண்குறியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஸ்பானிய மொழியின் எண்ணுப்பெயர்கள் இலத்தீனிலிருந்து வந்தவை. அம்மொழியினர் இன்று எழுதும் எண்குறிகளோ இந்தியாவில் தோன்றி அரபு வழியாகச் சென்றவை. குறிகள் 976-ஆம் ஆண்டிலேயே ஏட்டில் இடம்பெற்றன. எனினும் கணக்கேடுகளில் அவை நிலைபெற ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாயிற்று. இத்தாமதத்தின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எண்ணுப்பெயர், எண்குறி, சுழியம், ரோமன் எண், வணிகக் கணக்கு.

முன்னுரை

இந்திய – அரபு எண்கள் ஸ்பெயினை அடைந்ததும் ரோமன் எண்கள் மறைந்தன என்னும் கருத்து பாடநூல்களில் பரவலாக உள்ளது. ஒரு குறியை அறிதலும் அதனைக் கொண்டு கணக்கிடுதலும் வேறுவேறு என்பதை இக்கருத்து மறைத்துவிடுகிறது. பெயர், குறி, கணக்கு ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்கினால் வரலாறு வேறாகத் தெரிகிறது.

எண்ணுப்பெயர்களின் அடுக்குகள்

ஸ்பானியத்தில் 11 முதல் 15 வரையிலான எண்கள் ஒன்ஸே, தோஸே, த்ரேஸே, கத்தோர்ஸே, கின்ஸே என ஒரே சொல்லாய் அமைகின்றன. இவை இலத்தீன் தொகைச்சொற்கள் தேய்ந்து உருவானவை. இவற்றுள் ‘பத்து’ என்னும் பகுதியை இன்று பிரித்துக் காண இயலாது. 16 முதல் 19 வரையிலான எண்களில் முறை மாறுகிறது. தியெஸிஸெய்ஸ் (16) என்பது ‘பத்தும் ஆறும்’ என வெளிப்படையாகப் பொருள்படும். இடைக்காலக் காஸ்தில்யத்தில் 16-க்கு ‘ஸேஸே’ என்னும் பழைய வடிவமும் வழங்கியது. பிரெஞ்சு மொழி அதற்கு இணையான வடிவத்தை இன்றும் பேணுகிறது. செவ்வியல் இலத்தீன் 18, 19 ஆகியவற்றை இருபதிலிருந்து இரண்டு, ஒன்று எனக் குறைத்துச் சொன்னது. ஸ்பானியம் அம்முறையைக் கைவிட்டுக் கூட்டல் முறையையே ஏற்றது. ஆகவே, இன்று இம்மொழியைக் கற்போர் 15-ஐ அடுத்துச் சந்திக்கும் மாற்றம் ஒழுங்கின்மை அன்று; இருவேறு கால அடுக்குகளின் எல்லையாகும்.

குறிகளின் வருகை

லா ரியோஹா பகுதியிலுள்ள அல்பெல்தா மடத்தில் விஹிலா என்னும் துறவி தம் துணைவருடன் 976-இல் முடித்த ஏட்டில் ஒன்பது எண்குறிகள் காணப்படுகின்றன. மேற்கு ஐரோப்பாவில் இன்று கிடைக்கும் மிகப் பழைய சான்று இதுவே. கணக்கியலில் இந்தியரின் நுண்ணறிவை அவ்வேடு புகழ்கிறது. ஆனால் அங்குச் சுழியம் இல்லை. சுழியமின்றி இடமதிப்பு எழுத்தில் முழுமை பெறாது.

அல்-குவாரிஸ்மியின் கணக்குமுறை 12-ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. அவர் பெயரே ஸ்பானியத்தில் ‘குவாரிஸ்மோ’ என எண்குறியைச் சுட்டும் சொல்லாயிற்று. வெறுமையைக் குறிக்கும் ‘ஸிஃப்ர்’ என்னும் அரபுச் சொல் இருமுறை நுழைந்தது: ‘ஸிஃப்ரா’ எனவும், இத்தாலிய வழியாக ‘ஸேரோ’ எனவும். முன்னது பின்னர் இலக்கம் என்னும் பொதுப்பொருளை ஏற்க, பின்னதே சுழியத்தின் பெயராக நிலைத்தது.

வணிகத்தின் தேவை

ரோமன் எண் தொகையைப் பதிவதற்குப் போதுமானது. கணக்கிடுதல் எண்பலகையில் நிகழ்ந்தது. எனவே எழுத்தரிடம் மாற்றத்திற்கான கட்டாயம் எழவில்லை. 16-ஆம் நூற்றாண்டிலும் அரசுக் கணக்கர் ரோமன் எண்ணின் திரிந்த வடிவத்தைக் கையாண்டனர்.

நாணயமுறையோ சிக்கலானது. 1497-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு ரெயால் 34 மரவேதி. ஒரு துகாதோ 375 மரவேதி. 100 துகாதோவை ரெயாலாக்கினால் 1,102 ரெயாலும் 32 மரவேதியும் வரும். இத்தகைய வகுத்தலை அன்றாடம் செய்த வணிகருக்கு எழுதிக் கணக்கிடும் முறை பயன்பட்டது. பார்சலோனாவில் 1482-இல் பிரான்செஸ்க் சாந்த்கிளிமென்ட் கத்தலான் மொழியிலும், 1512-இல் ஹுவான் தே ஓர்தேகா காஸ்தில்யத்திலும் கணக்கு நூல்களை அச்சிட்டு வெளியிட்டனர். 1556-இல் மெக்சிகோ நகரில் ஹுவான் தியெஸ் வெளியிட்ட நூல், வெள்ளி, பொன் வணிகத்திற்கான கணக்கு அட்டவணைகளைக் கொண்டது; அமெரிக்கக் கண்டத்தில் அச்சான முதல் கணித நூலும் அதுவே. சுரங்கச் செல்வத்தைக் கணக்கிடும் தேவையே அதன் பின்னணி.

முடிவுரை

மடத்து ஏடு குறிகளைக் காத்தது. மொழிபெயர்ப்பு முறையைத் தந்தது. சந்தையே அவற்றைப் பழக்கமாக்கியது. குறிகள் முற்றிலும் மாறிய பின்னும் எண்ணுப்பெயர்கள் பெரும்பாலும் இலத்தீன் வழியினவாகவே நீடித்தன; சுழியத்தின் பெயர் மட்டும் குறியோடு வந்தது. எனவே ஒரு சமூகத்தின் எண்ணறிவை மதிப்பிட, குறி முதன்முதலில் தோன்றிய ஆண்டினை மட்டும் அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தாது. அக்குறியை யார், எத்தேவைக்காகக் கையாண்டனர் என்பதே ஆய்வின் மையமாதல் வேண்டும்.