பால் இரத்தம் – 6: நாய்க்குப் போட்ட ஊசி

ஆன்ரியோவும் ஆர்த்துஸும் முட்டிக்கொண்ட இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். இரத்தத்திலேயே கொழுப்பை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது என்று 1896-ல் அறிவித்தவர் மோரிஸ் ஆன்ரியோ. அவர் உடைத்துக் காட்டியது மோனோபியூட்டிரின் என்ற சின்னப் பொருளைத்தான், அசல் எண்ணெயிடம் அந்த நொதியின் ஜம்பம் சாயாது என்று 1902-ல் மறுத்தவர் மோரிஸ் ஆர்த்துஸ். ஆர்த்துஸ் சொன்னதுதான் சரி. பாவம் ஆன்ரியோ, நொதி இரத்தத்தில் மிதக்கிறது என்று நம்பித் தேடினார்.

ஆனால் ஆர்த்துஸ் வென்றதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. குடலில் கொழுப்பை உடைப்பது கணைய நீர் என்று க்ளோத் பெர்னார் 1848-லேயே கண்டுகொண்டார். உடைந்த கொழுப்பு குடல் சுவரைத் தாண்டியதும் மறுபடி ஒன்று சேர்ந்து, நுண்ணிய உருண்டைகளாகி, நிணநீர் வழியே இரத்தத்துக்கு வருகிறது. கைலோமைக்ரான் என்று பெயர். நெய்யும் கறியுமாகச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் சீரம் கலங்கி வெளுப்பது இந்த உருண்டைகளால்தான். பிறகு தானாகத் தெளிந்துவிடுகிறது. யார் தெளியவைத்தது? நாற்பது வருடங்களுக்கு ஒருவரிடமும் நேரான பதில் இல்லை.

1943. அமெரிக்காவின் நாஷ்வில் நகரம், வான்டர்பில்ட் பல்கலைக்கழகம். பால் ஹான் என்ற ஆய்வாளருக்குக் கொழுப்பைப் பற்றிய கவலையே கிடையாது. நாய்களுக்கு இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றும் இரத்தம் உறையாமலிருக்க அதில் ஹெபாரின் கலந்திருந்தது. தீனி தின்று சில மணி நேரமே ஆன நாய் ஒன்றின் பிளாஸ்மா பாலாகக் கலங்கியிருந்தது. இரத்தம் ஏற்றிய பிறகு அதே நாயிடம் மறுபடி எடுத்துப் பார்த்தால் பளிச்சென்று தெளிந்திருந்தது. மணிக்கணக்கில் நடக்க வேண்டிய காரியம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது!

ஹெபாரின்தான் கொழுப்பைக் கரைத்ததோ? சோதிப்பது எளிது. கலங்கிய பிளாஸ்மாவைக் குழாயில் எடுத்து, அதில் ஹெபாரினை விட்டுப் பார்த்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை. பால் பாலாகவே இருந்தது.

நாயின் உடம்புக்குள் போனால் வேலை செய்கிறது, கண்ணாடிக் குழாயில் செய்யவில்லை. அப்படியென்றால் ஹெபாரின் கொழுப்பைத் தொடவே இல்லை; உடம்புக்குள் வேறு எதையோ எழுப்பி விடுகிறது. 1950-ல் ஆண்டர்சன், ஃபாசெட் இருவரும் இதை உறுதிசெய்தார்கள். ஹெபாரின் ஊசி போட்ட நாயின் பிளாஸ்மாவைக் குழாயில் சேர்த்தால், கலங்கிய பிளாஸ்மா அங்கேயே தெளிந்தது. 1955-ல் எட்வர்ட் கோர்ன் எலியின் இதயத் தசையிலிருந்து அந்த நொதியைப் பிரித்துக் காட்டினார். லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற பெயர் நிலைத்தது.

ஆன்ரியோ தவறவிட்ட இடம் இப்போது புரிந்திருக்கும். இந்த நொதி இரத்தத்தில் சுற்றித் திரிவதில்லை. கொழுப்புத் திசு, தசை, இதயம் ஆகியவற்றின் தந்துகிக் குழாய்களில், உள்சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு இரைக்குக் காத்திருக்கிறது. அதைச் சுவரில் பிடித்துவைப்பதில் பங்குள்ள ஹெபாரன் சல்ஃபேட், ஹெபாரினுக்கு நெருங்கிய உறவு. ஊசியில் வரும் ஹெபாரின் போட்டிக்கு நின்று, நொதியைச் சுவரிலிருந்து பிடுங்கி இரத்தத்தில் விட்டுவிடுகிறது. நாஷ்வில் நாய்க்கு நடந்தது அவ்வளவுதான்.

சரி, இதற்கும் நம் கொலஸ்டிராலுக்கும் என்ன? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். லைப்பேஸ் வெட்டுவது டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பை. கொலஸ்டிரால் அதன் இலக்கே இல்லை. ஆனால் இரண்டும் ஒரே உருண்டைக்குள் பயணிக்கின்றன. லைப்பேஸ் டிரைகிளிசரைடை உருவ உருவ உருண்டை சிறுக்கிறது. உதிரும் மேலுறையின் ஒரு பகுதி நல்ல கொலஸ்டிரால் என்று நாம் செல்லம் கொஞ்சும் எச்.டி.எல்.லில் போய்ச் சேர்கிறது. கல்லீரல் அனுப்பும் வி.எல்.டி.எல். உருண்டை இப்படிச் சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் எல்.டி.எல். ஆவதும் உண்டு. நொதி மந்தமானால் டிரைகிளிசரைடு ஏறும், எச்.டி.எல். இறங்கும். கட்டுப்படாத சர்க்கரை நோயில் இன்சுலின் போதாமல் நொதியும் மந்தமாகிறது. உடற்பயிற்சி தசையில் அதைத் தூண்டுகிறது. மது கல்லீரலை மேலும் வி.எல்.டி.எல். அனுப்ப வைக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

விழுப்புரம் சாலையில், மூலக்குளம் பக்கம் ஏதாவதொரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஏழு மணிக்குப் போய் நின்றால் இந்த வரலாறு முழுவதும் கண்ணெதிரே இருக்கும். முதல் கேள்வியே, "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" மிஷினில் சுற்றி எடுத்த குழாயில் மேலே நிற்கும் சீரம் வெளிர் மஞ்சளாக, ஊடே பார்க்கும்படி இருந்தால் நல்லது. பால் நிறத்தில் நின்றால் ஊழியர் புருவத்தை உயர்த்துவார். 1972-ல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரத்தின்படி டிரைகிளிசரைடை ஐந்தால் வகுத்துக் கழித்துத்தான் பல இடங்களில் எல்.டி.எல். கணக்கிடுகிறார்கள். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது.

நம்மவர்களுக்குத் தொல்லை எங்கே என்று 2014-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் ஆய்வு சொல்கிறது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் 2042 பேரைப் பார்த்ததில், மொத்தக் கொலஸ்டிரால் கூடியிருந்தது 13.9 சதவீதத்தினருக்குத்தான். டிரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 சதவீதம். எச்.டி.எல். குறைந்தவர்களோ 72.3 சதவீதம்! கொலஸ்டிரால் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது. கொலஸ்டிராலைச் செரிக்கவைக்கும் என்சைம் மாத்திரை என்று யாராவது விற்றால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விழுங்கும் நொதி தந்துகிச் சுவர் வரை போய்ச் சேராது.

கதைக்குத் திரும்புவோம். 1960-ல் ரிச்சர்ட் ஹேவல், ராபர்ட் கார்டன் இருவரும், இரத்தம் எப்போதும் பாலாகவே இருந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார்கள். ஹெபாரின் ஊசி போட்டும் இரத்தத்தில் நொதி வந்து சேரவில்லை. பிறவியிலேயே லைப்பேஸ் குறைவு. மர்மம் விலகியது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

1978. கனடாவின் டொரொண்டோ. 59 வயதுக்காரர் ஒருவர். டிரைகிளிசரைடு 1000-க்கும் 3000-க்கும் இடையே. ஹெபாரின் சோதனையில் இவருக்கும் நொதி வேலை செய்யவில்லை. ஹேவல் கண்ட அதே குறை என்று கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் இவருக்கு மற்றவருடைய பிளாஸ்மாவை ஏற்றியபோது, டிரைகிளிசரைடு ஒரே நாளில் 1000-லிருந்து 250-க்கு விழுந்தது. லைப்பேஸ்தான் சுவரை விட்டு இறங்காதே, தானம் தந்தவரின் பிளாஸ்மாவில் அது எப்படி வந்திருக்கும்? அப்படியானால் இவருடைய சொந்த நொதி இத்தனை வருடமும் சும்மா உட்கார்ந்திருந்ததா? பிளாஸ்மாவோடு ஏறிவந்து அதைத் தட்டி எழுப்பியது எது?

(தொடரும்)