இருபது வாட்டின் வரலாறு

வீட்டு ஒலியமைப்புக்குப் புதிய ஆம்ப்ளிஃபயர் தேடுவோர் முதலில் நோக்குவது வாட் எண்ணையே. அவ்வெண் தனித்துப் பொருள் தருவதில்லை என்பதற்கு வரலாறு சான்று. அமெரிக்க நிறுவனங்கள் பல, கணநேர உச்சத்தையே திறனென விளம்பரப்படுத்தின. எத்தனை ஓம் சுமையில், எவ்வளவு ஒலித்திரிபுடன் தொடர்ந்து கிட்டும் திறன் அது என்பதை அறிவிக்குமாறு 1974இல் அங்கே விதி வகுக்கப்பட்டது. பின்னர், 1978இல் என்ஏடி 3020 வெளிவந்தது. எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்த அதன் அறிவிக்கப்பட்ட திறன், சேனலுக்கு 20 வாட் மட்டுமே. ஆயினும் இசை திடீரென எழும்போது அது கணநேரம் கூடுதல் திறன் வழங்கியது. ஓம் குறைந்த ஸ்பீக்கர்களையும் தளராது இயக்கியது. மலிவான அக்கருவி உலகப்புகழ் பெற்றது. உதவித்தொகையைச் சேமித்து வாங்கும் மாணவர் கேட்கவேண்டியது ‘எத்தனை வாட்?’ என்பதன்று, ‘என் ஸ்பீக்கரின் ஓமில், தொடர்ந்து எத்தனை வாட்?’ என்பதே.