சரக்கு வாகன விபத்தும் இழப்பீடும்: புதுச்சேரி

பொதுச்சாலையில் லாரி, மினி லாரி, பார்சல் வேன் போன்றவை மோதிக் காயமடைந்தவருக்கோ, இறந்தவரின் குடும்பத்துக்கோ, வாகன உரிமையாளரும் அவருடைய காப்பீட்டு நிறுவனமும் சட்டப்படி தர வேண்டிய பணமே சரக்கு வாகன விபத்து இழப்பீடு. நாட்டின் பிற பகுதிகளைப் போலப் புதுச்சேரியிலும் இதற்கு அடிப்படை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அது 2019இல் திருத்தப்பட்டது. காப்பீடு, இழப்பீடு பற்றிய பகுதிகள் 2022 ஏப்ரல் 1 முதல் புதிய வடிவில் நடப்பில் உள்ளன.

நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி, மகாத்மா காந்தி வீதி, அவற்றுக்கு நடுவே பெரிய மார்க்கெட் என்று நகரின் வணிகப் பகுதி மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே உருவானது. இன்று அதே தெருக்களில் கடைச் சரக்கும் வீட்டுப் பார்சலும் இறங்குகின்றன. மக்கள் ‘குட்டி யானை’ என்று அழைக்கும் சிறிய சரக்கு வண்டிகள் பின்னோக்கி வருவதும், இருசக்கர வாகனம் அவற்றை ஒட்டிப் போவதும் இங்கே அன்றாடக் காட்சி. ஊரின் எல்லையும் ஒரு சிக்கல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பம் தமிழ்நாடு. அதைத் தாண்டி வரும் காலாப்பட்டு மறுபடியும் புதுச்சேரி. மோதிய வண்டியில் பி.ஒய். எண்ணும் இருக்கலாம், டி.என். எண்ணும் இருக்கலாம். நடந்த இடம் வேறு காவல் நிலையத்தின் எல்லை என்று சொல்லிப் புகாரை மறுக்க முடியாது. எந்த நிலையத்திலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வழிசெய்கிறது.

முதல் சில மணி நேரம்

அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை என்கிறது சட்டத்தின் 134ஆம் பிரிவு. கூட்டத்தின் ஆத்திரத்தாலோ தன் கட்டுப்பாட்டில் இல்லாத வேறு காரணத்தாலோ மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல்போனால் மட்டும் விலக்கு. நம் சாலைகளை அறிந்த யாரோ எழுதிய வரி அது. தூக்கிவிட்டு ஆட்டோவில் ஏற்றும் வழிப்போக்கரைக் காவல்துறையோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்தி நிறுத்திவைக்கக் கூடாது. 2016இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட இந்தப் பாதுகாப்பு, இப்போது 134ஏ பிரிவாகச் சட்டத்திலேயே இருக்கிறது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட பணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தில், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, தலைக்கு ரூ.1.5 லட்சம் வரையிலான சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகள் அளிக்க வேண்டும்.

நகரத்துக்குள் அடிபட்டால் பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும் இடம் இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை. தலைக்காயம், பலமான எலும்பு முறிவு என்றால் அங்கிருந்து கோரிமேட்டு ஜிப்மருக்கு அனுப்புவார்கள். அதாவது, ஒரே விபத்து இரண்டு இடங்களில் எழுதப்படுகிறது. விபத்துப் பதிவேட்டில், வழக்கறிஞர்கள் மொழியில் ‘ஏ.ஆர். காப்பி’யில், எந்த வண்டி, எங்கே, எத்தனை மணிக்கு மோதியது என்று பணி மருத்துவர் கேட்டு எழுதுகிறார். அழைத்துவந்தவர் பதற்றத்தில் ‘வண்டியிலிருந்து விழுந்துட்டாரு’ என்று சொல்லிவிட்டால் அதுவே பதிவாகும். இரண்டு வருடம் கழித்துக் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் நீட்டும் தாள் அதுதான். வலி தாங்காமல் கிடப்பவரிடம் இதைக் கவனிக்கச் சொல்வது கொடுமை. உடன் வந்தவர் கவனிக்க வேண்டும்.

வண்டியின் பதிவு எண் தெரியும் படமும் சம்பவ இடத்தின் படமும் இதற்கு இணையாக முக்கியம். பின்கதவில் எழுதியிருக்கும் பார்சல் நிறுவனத்தின் பெயரை நம்பிப் பயனில்லை. வண்டி வாடகைக்கு ஓடுவதாக இருக்கலாம். சட்டம் முதலில் தேடுவது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள உரிமையாளரை. எம்பரிவாகன் செயலியில் எண்ணைத் தட்டினால் காப்பீடு எந்தத் தேதிவரை என்று பார்க்கலாம். தெருவிலேயே சில ஆயிரங்களைக் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் சமாதானம் இங்கும் உண்டு. உள்காயம் மறுநாள்தான் தெரியும் என்பதால் அந்தக் கையெழுத்து அவசரத்தில் போடக்கூடியதல்ல.

காவல்துறைத் தாள்கள்

புதுச்சேரியில் சாலை விபத்து வழக்குகளைப் போக்குவரத்துக் காவல் நிலையங்கள் பதிந்து விசாரிக்கின்றன. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி விசாரணை அதிகாரி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 50 நாளில் இடைக்கால அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். பார்வை மகஜர், வரைபடம், வாகன ஆய்வாளரின் அறிக்கை, காயச் சான்று, குற்றப்பத்திரிகை ஆகியவையே பின்னால் வழக்கின் முதுகெலும்பு.

எண் தெரியாமல் வண்டி ஓடிவிட்டால் வழி வேறு. 161ஆம் பிரிவின்கீழ் இறப்புக்கு ரூ.2 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.50,000; விண்ணப்பம் வருவாய்த்துறை அலுவலர் வழியாகப் போகும். 2022க்கு முன் இது முறையே ரூ.25,000, ரூ.12,500 மட்டுமே.

ஒரு பிரெஞ்சு லாரி

1925 ஏப்ரல் 22 அன்று பிரான்சின் பெல்ஃபோர் நகரில் ஓர் அங்காடி நிறுவனத்துக்குச் சொந்தமான லாரி ஒரு சிறுமியை மோதிக் காயப்படுத்தியது. ஓட்டுநர் தவறு செய்தாரா என்று சிறுமி தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை, பொருளைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவரே பதில் சொல்ல வேண்டும் என்று 1930 பிப்ரவரி 13 அன்று பிரான்சின் உச்ச நீதிமன்றமான கசாசியோன் தீர்ப்பளித்தது. குடியியல் தொகுப்பின் 1384ஆம் விதிக்குக் கிடைத்த இந்த விளக்கம், ‘ழாந்தேர் தீர்ப்பு’ என்று பிரெஞ்சுச் சட்ட மாணவர்கள் அனைவரும் படிப்பது. பிரெஞ்சு ஆட்சியில் அதே தொகுப்பு 1819 முதல் புதுச்சேரியிலும் நடப்பில் இருந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் இந்தியாவோடு சட்டப்படியான இணைப்பு முடிந்து இந்தியச் சட்டங்கள் படிப்படியாக வந்ததும் அந்த வழி இங்கே மூடிக்கொண்டது. இன்று பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரிக்காரர் மிஷன் வீதியில் அடிபட்டாலும் அவருக்கு இந்திய மோட்டார் வாகனச் சட்டம்தான்.

இந்தியச் சட்டம் நடுவழியில் நிற்கிறது. தவறை நிரூபிக்காமலேயே 164ஆம் பிரிவில் பலத்த காயத்துக்கு ரூ.2.5 லட்சமும் இறப்புக்கு ரூ.5 லட்சமும் பெறலாம். ஆனால் காப்பீட்டு நிறுவனத்தோடு முடித்து அதைப் பெற்றுக்கொண்டால் தீர்ப்பாய மனு காலாவதியாகும். முழு இழப்பும் வேண்டுமென்றால் 166ஆம் பிரிவில் ஓட்டுநரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். கொலை வழக்கு அளவுக்கு ஆதாரம் தேவையில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதே போதும்.

தீர்ப்பாயமும் கணக்கும்

புதுச்சேரியில் மாவட்ட நீதிபதிகள் இத்தீர்ப்பாயமாகவும் செயல்படுகின்றனர். விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, மனுதாரர் வசிக்கும் இடத்திலும் மனு போடலாம். கடலூர்க்காரர் புதுச்சேரியில் அடிபட்டால் கடலூரிலேயே போடலாம். 2022 ஏப்ரலுக்குப் பிந்தைய விபத்துகளுக்கு 6 மாதக் கெடு உண்டு. இதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம்வரை போயிருந்தாலும், கெடுவுக்குள் போடுவதே பாதுகாப்பு.

தொகை எப்படி வருகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 32 வயதுத் தச்சர், மாத வருமானம் ரூ.15,000. எதிர்கால உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்க்கச் சொல்கிறது 2017ஆம் ஆண்டின் பிரணய் சேத்தி தீர்ப்பு, ஆக ரூ.21,000. ஆண்டு வருமானத்தோடு பெருக்க வேண்டிய, அந்த வயதுக்குரிய பெருக்கெண் 16, இது 2009ஆம் ஆண்டின் சரளா வர்மா தீர்ப்பிலிருந்து. உழைக்கும் திறனில் 20 விழுக்காடு போயிருந்தால் வருமான இழப்பு மட்டும் ரூ.8,06,400. மருத்துவச் செலவு, வலி வேதனை, உதவியாள் செலவு எல்லாம் தனி. இந்த 20 என்பது மருத்துவச் சான்றில் உள்ள ஊன விழுக்காடு அல்ல. ஒரே உறுப்பு போனாலும் தச்சருக்கும் எழுத்தருக்கும் இழப்பு வேறு என்பதை 2010ஆம் ஆண்டின் ராஜ் குமார் வழக்கு விளக்கமாகச் சொன்னது. சிகிச்சை அளித்த மருத்துவர் சாட்சி சொன்னால் இந்த வேறுபாடு நீதிபதியிடம் போய்ச் சேரும்.

காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கமான எதிர்வாதங்களில் ஒன்று ஓட்டுநர் உரிமம். இலகுரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. குட்டி யானை வழக்குகளில் அந்த வாதம் இதோடு பெரும்பாலும் விழுந்துவிட்டது. உரிமமே இல்லாவிட்டாலும், காயமடைந்தவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று உத்தரவிடும் வழக்கம் உண்டு. அடுத்த வாதம் காயமடைந்தவர் தலையிலும் பங்கைப் போடுவது. தலைக்கவசம் இல்லை என்பதைப் புதுச்சேரியில் அடிக்கடி கேட்கலாம். கால் எலும்பு முறிவுக்கும் தலைக்கவசத்துக்கும் தொடர்பில்லை என்று பதில் சொல்ல இடமிருக்கிறது.

மருத்துவமனை வாசலிலேயே காத்திருந்து, ‘வர்றதுல இத்தனை பங்கு’ என்று பேரம் பேசும் தரகர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தீர்ப்பின் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞர்களுக்கான பார் கவுன்சில் விதிகளுக்கே விரோதம்.

தீர்ப்பில் குறையிருந்தால் 90 நாளுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சர்ச்சைத் தொகை ரூ.1 லட்சத்துக்குக் குறைவானால் முடியாது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடித்தால் பணம் விரைவாக வரும். ஆனால் அந்த முடிவின்மீது மேல்முறையீடு கிடையாது என்பதால், எலும்பு கூடி, மறு அறுவை தேவையா என்று தெரிந்த பிறகே பலர் அங்கே கையெழுத்திடுகின்றனர்.