படிச்சமா, போனமா: விஞ்ஞானப் புனைகதையும் வாசகர் சண்டைகளும்

'கதையப் படிச்சமா, ரசிச்சமா, போனமான்னு இருக்கக்கூடாதா? இதுல எதுக்குங்க அரசியல்?' விஞ்ஞானப் புனைகதை பற்றிப் பேச்செடுத்தாலே இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. இலக்கியக்காரர்களுக்கு அது பொழுதுபோக்குச் சரக்கு. இயக்கத் தோழர்களுக்கோ தப்பித்தல்வாதம். அதில் பேசுவதற்கு அரசியல் ஏதுமில்லை என்பதில் மட்டும் இரண்டு தரப்பும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். கேள்விக்குப் பதில் சொல்வதைவிட, கேள்வியின் வரலாற்றைத் தோண்டிப் பார்ப்பது உபயோகமாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. அமெரிக்காவில் இந்த வகைமை உருப்பெற்ற நாளிலிருந்தே அங்கும் இதே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டிருக்கிறது. யார் கேட்டார்கள், கேட்டபோது யார் வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதே விஷயம்.

1926 ஏப்ரலில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் நியூயார்க்கில் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கினார். லக்ஸம்பர்க்கிலிருந்து வந்து வானொலிச் சாமான்கள் விற்றவர். எழுத்தாளர்களுக்குக் காசு கொடுப்பதில் மகா கஞ்சன். வெர்ன், வெல்ஸ், போ என்று பழைய கதைகளை மறுபதிப்புச் செய்தே முதல் இதழை ஒப்பேற்றினார். மறு ஆண்டு வாசகர் கடிதப் பகுதி வந்தது. கடிதம் எழுதியவரின் முழு முகவரியையும் சேர்த்தே அச்சிட்டார். யாவாரி செய்த வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் விளைவு அவர் கையில் இல்லை. வாசகர்கள் ஆசிரியரைத் தாண்டி ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். சங்கம் வைத்தார்கள். 1930இல் சிகாகோவிலிருந்து 'தி காமெட்' என்ற முதல் வாசகச் சிற்றிதழ் வந்தது. பிறகு சைக்ளோஸ்டைல் மெஷினிலும் ஜெலட்டின் தட்டிலும் அச்சான இதழ்கள் வரிசையாக வந்தன. ஓஹையோவில் அப்படி ஒன்றை நடத்திய இரண்டு பையன்கள்தான் பின்னால் சூப்பர்மேனை உருவாக்கினார்கள் என்பது ஒரு உபகதை.

வகைமை என்பது பிரதிக்குள் உறைந்து கிடக்கும் சாரம் அல்ல. எது விஞ்ஞானப் புனைகதை, எது வெறும் மாயாஜாலம், எது நல்லது, எது குப்பை என்று இந்தக் கடிதங்களுக்குள் நடந்த சண்டையில்தான் அது உற்பத்தியானது. உற்பத்தியாகிற இடத்தில் அரசியல் இல்லாமல் எப்படி இருக்கும்?

1937 அக்டோபரில் பிலடெல்பியாவில் கூடிய வாசகர் கூட்டத்தில் ஜான் மிஷெல் எழுதிய உரையை டொனால்ட் வோல்ஹைம் வாசித்தார். பாசிசம் வளர்ந்துகொண்டிருக்கிறது; எதிர்காலத்தைப் பற்றிப் படிக்கிற நாம் எதிர்காலத்திற்காக ஒரு நிலைப்பாடு எடுக்க வேண்டாமா என்பது அதன் சாரம். தீர்மானம் தோற்றது. அடுத்த ஆண்டு இவர்கள் 'ஃப்யூச்சூரியன்ஸ்' என்ற குழுவானார்கள். பிரெடரிக் போல் இளம் கம்யூனிஸ்ட் கழகத்தில் இருந்தவர். எல்லாருமே இருபது வயதை ஒட்டிய பையன்கள், திமிருக்கும் குறைச்சலில்லை. 1939 ஜூலை 2ஆம் தேதி நியூயார்க்கில் முதல் உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு. வோல்ஹைம், போல், மிஷெல், கோர்ன்ப்ளூத் உட்பட ஆறு பேர் வாசலிலேயே தடுக்கப்பட்டார்கள். துண்டறிக்கை கொடுத்துக் கலாட்டா பண்ணுவார்கள் என்று அமைப்பாளர்களுக்குப் பயம். அதே குழுவைச் சேர்ந்த ஐசக் அசிமோவ் மட்டும் உள்ளே போய்விட்டார்.

விரட்டப்பட்டவர்களில் போலும் கோர்ன்ப்ளூத்தும் சேர்ந்து 1953இல் புத்தகமாக வெளியிட்ட 'தி ஸ்பேஸ் மெர்ச்சண்ட்ஸ்', விளம்பரக் கம்பெனிகள் உலகத்தையே ஆள்கிற கதை. இதைத் தப்பித்தல்வாதம் என்கிறவர்கள் ஒருமுறை எடுத்துப் படித்துவிட்டுப் பேசலாம்.

இப்போது நான் திரும்பவும் வாசித்துக்கொண்டிருப்பது சாமுவேல் டிலேனியின் 'நோவா'. முப்பத்திரண்டாம் நூற்றாண்டு. வெடிக்கிற நட்சத்திரத்தின் நடுவிலிருந்து ஒரு தனிமத்தை அள்ளிவரப் போகிறான் லார்க் வான் ரே. தாய் செனகல் வழி, தகப்பன் நார்வே வழி. என்னைப் பிடித்து நிறுத்துவது இந்தச் சாகசம் அல்ல. அந்த உலகத்தில் மனிதர்களின் மணிக்கட்டிலும் முதுகுத்தண்டிலும் இணைப்புச் செருகிகள் இருக்கின்றன. எந்த இயந்திரமானாலும் தொழிலாளி தன் நரம்பையே அதில் இணைத்துக்கொண்டு இயக்குகிறான். உழைப்பிலிருந்து அந்நியமாதல் இப்படித்தான் முடிவுக்கு வந்தது என்கிறது நாவல். சொத்து யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே கிடக்க, ஒரு செருகியால் அந்நியமாதல் தீர்ந்துவிடுமா? எனக்கு ஒப்பவில்லை. மார்க்ஸ் பிரச்சினையாக வைத்ததை டிலேனி தொழில்நுட்பமாகச் சுருக்கிவிட்டார் என்றே நினைக்கிறேன். ஆனாலும் நம் தத்துவ வகுப்புகளில் சூத்திரமாக ஒப்பிக்கப்படுகிற ஒன்றை, உடம்பும் வலியும் கூலியுமாக யோசிக்க வைக்கிறது இந்த நாவல்.

1967இல் இது தொடராக வெளியிடுவதற்காக 'அனலாக்' ஆசிரியர் ஜான் கேம்ப்பெல்லுக்குப் போனது. அவர் மறுத்தார். நாவல் பிடித்திருக்கிறது, ஆனால் கறுப்பனைக் கதாநாயகனாக என் வாசகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று அவர் தன் முகவரிடம் சொன்னதாக டிலேனி 1998இல் எழுதினார். 'என் வாசகர்கள்' என்கிறாரே, அந்த இடத்தைக் கவனியுங்கள். மாதாமாதம் எந்தக் கதை முதலிடம் என்று வாசகர்களிடம் கேட்டுக் கணக்கெடுத்து அச்சிடும் வழக்கத்தை 1938லேயே ஆரம்பித்தவர் இந்த கேம்ப்பெல். இந்த நாவலை மட்டும் அந்தக் கணக்குக்கு விட அவருக்கு மனசில்லை. வாசகர் என்ற பெயரில் அவர் ஒரு வெள்ளைத் தன்னிலையைக் கட்டி வைத்திருந்தார். தன் இனவாதத்தை அதன் வாயால் பேசவிட்டார். 1968இல் நாவல் புத்தகமாக வந்தது. 1969 ஹ்யூகோ விருதின் இறுதிப் பட்டியலிலும் ஏறியது. அந்தப் பட்டியலைத் தயாரிப்பவர்கள் மாநாட்டு உறுப்பினர்கள், அதாவது வாசகர்கள்.

அதே 1968இல் 'கேலக்ஸி' இதழில் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு விளம்பரங்கள் வந்தன. வியட்நாம் போரை ஆதரித்து ஒன்று: ஹைன்லைன், கேம்ப்பெல் முதலானோர். எதிர்த்து ஒன்று: அசிமோவ், லெ குவின், டிலேனி, ஜோனா ரஸ் முதலானோர். இதழாசிரியர் யார் என்றால், 1939இல் வாசலில் நிறுத்தப்பட்ட அதே பிரெடரிக் போல். 2019இல் கேம்ப்பெல் பெயரிலான விருதைப் பெற்ற ஜெனெட் எங் மேடையிலேயே அவரைப் பாசிஸ்ட் என்றார். சில நாட்களில் விருதின் பெயர் மாற்றப்பட்டது. 'எதுக்கு இதுல அரசியல்?' மறுபடியும் கேட்டது.

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது 1974-75இல் நடந்த ஒரு கடித விவாதம். பால்டிமோரில் ஜெஃப்ரி ஸ்மித் நடத்திய 'காத்ரு' என்ற சிற்றிதழ், விஞ்ஞானப் புனைகதையில் பெண்கள் என்பது பற்றித் தபாலிலேயே பேச ஏற்பாடு செய்தது. ரஸ், லெ குவின், சூசி சார்னாஸ், கேட் வில்ஹெம் எல்லாரும் எழுதினார்கள். அதுவரை விண்கலம் ஓட்டுபவர் ஆண், காப்பாற்றப்படுபவர் பெண் என்பதே இயல்பாக இருந்தது. அது இயல்பு அல்ல, ஆண்மையச் சொல்லாடல் என்பதைத் தங்கள் நாவல்களையே எடுத்துப்போட்டு அலசினார்கள். ஒருவரையொருவர் விட்டுவைக்கவில்லை. விவாதத்தில் ஆண்களும் இருந்தார்கள்: ஸ்மித், டிலேனி, ஜேம்ஸ் டிப்ட்ரீ. தாய்மை பற்றி டிப்ட்ரீ எழுதியது பெண்களில் சிலருக்கு எரிச்சலூட்டியது. ஆம்பளைக்கு இதில் என்ன தெரியும்? அதே சமயத்தில் ராபர்ட் சில்வர்பெர்க், டிப்ட்ரீயின் எழுத்தில் மறுக்கமுடியாத ஆண் தன்மை இருப்பதாக முன்னுரை எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றிரண்டு வருஷத்தில் உண்மை வெளிவந்தது. டிப்ட்ரீ என்பது ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்ணின் புனைபெயர்.

எழுத்தில் ஆண் பெண் அடையாளம் தெரியும் என்று நம்பிய இரண்டு தரப்புக்கும் இது அடி. 1993இல் அந்த விவாதம் மறுபதிப்பானபோது, பங்கேற்ற சிலர் தங்கள் பழைய கடிதங்களோடு தாங்களே மல்லுக்கட்டிப் புதிதாக எழுதினார்கள். டிப்ட்ரீயின் கடிதங்களும் அதில் உண்டு. 1987லேயே இறந்துபோனதால், அவர் பக்கத்தில் புதிய பதில் இல்லை.