ஆரணிக்காரன் சொல்லும் காரணிக் கதை

ஆரணின்னதும் பட்டுப்புடவை விலை கேக்காதீங்க மக்கா, அது திருவண்ணாமலை மாவட்டம். நம்மூரு திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி, பெரியபாளையம் பக்கம். பொழப்பு கும்மிடிப்பூண்டியில, பேக்கிங் செக்‌ஷன்.

பெட்டி அடுக்குறவனுக்கு 12, 24, 60 மேல தனிப் பாசம் உண்டு. எப்படிப் பிரிச்சாலும் பெரும்பாலும் மிச்சம் விழாது. 12-க்குக் காரணிகள் ஆறு: 1, 2, 3, 4, 6, 12. அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் முந்துவதுதான் 'ஹைலி காம்போசிட் நம்பர்'. மிகுபகு எண் என்று வச்சுக்குவோம்.

இதைப் பெரிய ஆராய்ச்சியாக்கியவர் நம்ம ராமானுஜன். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. 1914-ல் கப்பலேறி கேம்பிரிட்ஜ். 1915-ல் லண்டன் கணிதக் கழக இதழில் மிகுபகு எண்கள் பற்றிய கட்டுரை. அதற்காகத்தான் 1916-ல் பி.ஏ. பட்டம். அதில் 102 எண்களின் பட்டியல் இருக்கு. கடைசி எண் 6746328388800. நம்ம கணக்கில் ஏறக்குறைய ஆறே முக்கால் லட்சம் கோடி! காரணிகள் 10080.

ஆனா நடுவுல ஒரு எண் விட்டுப்போச்சு: 293318625600.

இதைச் சொன்னதும் கூட வேலை பார்க்கிற நண்பருக்குக் கோவம். "நாமகிரித் தாயார் கனவுல வந்து சொன்ன கணக்கு, அதுல தப்பு வருமாய்யா?"

சரி, போட்டுத்தான் பார்ப்போமேன்னு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் உட்கார்ந்தேன். விட்டுப்போன எண்ணைப் பகா எண்களாப் பிரிச்சா 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் ரெண்டு ரெண்டு, 11, 13, 17, 19 ஒவ்வொண்ணு. ஒவ்வொரு தடவைக் கணக்கோடும் 1 கூட்டிப் பெருக்கணும்: 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். இதுக்கு முந்தின மிகுபகு எண் 240940299600, காரணிகள் 4800. அடுத்தது 321253732800, காரணிகள் 5376. நடுவுல ஒரு படி காணோம்தான்.

இன்னொரு வேடிக்கை. விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்க. கடையில் இருக்கிற 12 இலக்கக் கால்குலேட்டர் கையை விரிச்சிடும், நான் கையாலதான் போட்டேன். வந்தது 6746328388800. பட்டியலின் அதே கடைசி எண்!

தாளை நண்பரிடம் நீட்டினேன். ரெண்டு தடவை பெருக்கிப் பார்த்துட்டு, "அப்ப மனுசன் உக்காந்து போட்டிருக்காருய்யா" என்றார்.

அதேதான். கனவுன்னு சொல்லிட்டா அந்த உழைப்பு மறைஞ்சு போகுது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் 102 எண்கள்! விட்டுப்போன அந்த ஒண்ணால அவர் மேல மரியாதை கூடிச்சே தவிரக் குறையல.

உங்க வீட்டுக் காலண்டர்லயும் தாள் இருக்கும்தானே? ஒருக்கா பெருக்கிப் பார்த்துட்டுச் சொல்லுங்க.