தொலைக்காட்சியும் மறுவெளியீட்டுத் திரையரங்குகளும்

தொலைக்காட்சியின் வரவால் இந்தியத் திரைப்படத்துறை நலிந்தது என்று வரலாறு எழுதுவோர் பலரும் பொதுப்படக் கூறிச் செல்கின்றனர். இக்கூற்று அவ்வாறே ஏற்கத்தக்கதன்று. நலிந்தது எது, வளர்ந்தது எது என்று பிரித்து நோக்குதல் வேண்டும்.

1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கிய தொலைக்காட்சி, 1972-இல் பம்பாயையும் 1975-இல் கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களையும் அடைந்தது. அக்காலத்தில் அது பெருநகர வசதி படைத்தோரின் பொருளாகவே இருந்தமையால் திரையரங்குகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. அதனையடுத்துச் சிறு நகரங்களிலும் ஒளிபரப்பிகள் நிறுவப்பட்டன. வீடியோவும் உடன் பரவியது. அதன் பின்னரே நிலைமை மாறிற்று.

தொலைக்காட்சி திரைப்படத்திற்குப் போட்டியாக எழுந்ததெனினும், திரைப்படத்தின் சோற்றை உண்டே வளர்ந்தது. வடக்கே 'சித்ரஹார்', சென்னையில் 'ஒளியும் ஒலியும்', வார இறுதித் திரைப்படம் ஆகியன யாவும் திரைப்படத்துறை ஆக்கிய பொருள்களே. அதன் பெருந்தொடர்களை உருவாக்கியோரும் அத்துறையினரே: 'புனியாத்' (1986) ரமேஷ் சிப்பி, 'இராமாயண்' (1987–88) இராமானந்த் சாகர், 'மகாபாரத்' (1988–90) பி. ஆர். சோப்ரா.

இக்காலத்தில் படத் தயாரிப்புக் குறைந்ததா எனின், இல்லை. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 400-ஐ ஒட்டியிருந்த இந்தியப் படங்களின் எண்ணிக்கை 1985-இல் 900-ஐக் கடந்தது. குலைந்தது, ஒரு படம் படிப்படியாக மக்களிடம் இறங்கிச் சென்ற முறையேயாகும்.

தமிழகத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். புதுப்படம் முதலில் பெருநகரங்களில் ஓடும். பின்னர்ச் சிறு நகரங்களுக்குச் செல்லும். பல திங்கள் கழித்துக் கீறல் விழுந்த படச்சுருளாக ஊர்ப்புறத்து டூரிங் டாக்கீசை அடையும். அதனோடும் அதன் வாழ்வு முடிவதில்லை. சில ஆண்டுகள் சென்றபின் புதிய சுவரொட்டியுடன் மீண்டும் வரும். குறைந்த வாடகைக்குக் கிடைத்த இப்பழைய படங்களைக் கொண்டே கொட்டகைக்காரர் பிழைத்தார். மணலைக் குவித்து மேடாக்கி அமர்ந்து படம் பார்த்தவர்களுக்குப் பழைய படம், புதுப்படம் என்ற வேற்றுமை பெரிதாக இருந்ததில்லை. ஞாயிறு மாலையில் ஊராட்சிமன்றத் தொலைக்காட்சியில் கட்டணமின்றி அதே படம் காட்டப்பட்ட பிறகு நுழைவுச்சீட்டு வாங்குவோர் அருகினர். எம்.ஜி.ஆர். படங்கள் இதற்கு விலக்காக நெடுங்காலம் ஓடின. ஆயினும் விலக்குகளால் ஒரு தொழில் நிலைபெறுவதில்லை.

தயாரிப்பாளர் நிலை வேறு. 1992-இல் ஜீ தொலைக்காட்சியும் 1993-இல் சன் தொலைக்காட்சியும் தோன்றிய பின்னர்ச் செயற்கைக்கோள் ஒளிபரப்பு உரிமை தனி வருவாயாயிற்று. தொலைக்காட்சி அறியப்படாத காலத்து ஒப்பந்தங்களில் இவ்வுரிமை குறிக்கப்படாமையால் அது யாருக்குரியது என்ற பூசல்களும் எழுந்தன. பெட்டியில் முடங்கிக் கிடந்த பழைய படம் உரிமையாளருக்குப் பொருள் ஈட்டித் தந்தது. அதே படம் கொட்டகைக்காரருக்குப் பயனற்றதாயிற்று. துறையினர் அனைவரும் ஒரே குரலில் தொலைக்காட்சியைக் குறைகூறியமையால் ஆதாயமுற்றோரும் இழந்தோரும் வெவ்வேறானவர் என்பது மறைந்துபோயிற்று.

திரையரங்கு மீண்டெழுந்தபொழுதும் அது பழைய இடத்தில் எழவில்லை. 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' (1994) படத்தின் வீடியோ வெளியீட்டை நிறுத்திவைத்து, குடும்பங்களைத் திரையரங்கிற்கு அழைத்துவர இயலும் என்று அதன் தயாரிப்பாளர்கள் காட்டினர். 1997-இல் தில்லியில் பல்திரை அரங்கு திறக்கப்பட்டது. பிற நகரங்களும் அதனைப் பின்பற்றின. மறுவெளியீடும் திரும்பி வந்தது: 1964-இல் வெளியான 'கர்ணன்' 2012-இல் எண்மியப் படியாக்கப்பட்டு நூறு நாள்களைக் கடந்து ஓடியது. சென்னையில் அது ஓடியது குளிரூட்டப்பெற்ற பல்திரை அரங்குகளில். மணல் தரையில் அமர்ந்து அப்படத்தைக் கண்டோர் அங்குக் கட்டணம் செலுத்தக் கூடியவராக இருந்திலர்.