கொரங்காட்டு ஓட்டம்: கொங்கு நாட்டு முயல் நாய்களின் வரலாறும் இன்றைய நிலையும்

முன்னுரை

வேட்டை நாய்களில் இரு வகை உண்டு. மண்ணில் மூக்கை வைத்துத் தடம் பிடித்துப் போவது ஒன்று. தலையை நிமிர்த்தி, ஓடும் உயிரைக் கண்ணால் கண்டு, காலால் வெல்வது மற்றொன்று. இரண்டாவது வகையை இக்கட்டுரை ‘பார்வை வேட்டை நாய்’ என்று குறிக்கிறது. இங்கிலாந்தின் கிரேஹவுண்டும் விப்பெட்டும், கர்நாடகத்தின் முதோல் நாயும், தமிழகத்தின் சிப்பிப்பாறையும் கன்னியும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஒட்டிய வயிறு, ஆழ்ந்த மார்பு, நீண்ட முகம், வில்லாய் வளையும் முதுகு என்று உலகெங்கும் இவற்றுக்கு ஒரே சாயல்தான். ஒரே வேலை ஒரே உடலைச் செதுக்கியிருக்கிறது.

ஊர் வழக்கில் இவற்றுக்கு ‘முசல் நாய்’ என்ற பெயரும் உண்டு. வேலையே பெயரானது. கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் இன்று அந்த வேலை இல்லை. வேலை போன பிறகு இனம் எதைக் கொண்டு நிற்கும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பார்வை வேட்டை நாயை உருவாக்கியது திறந்த வெளி. அந்த வெளி மூடப்பட்ட வரலாறே கொங்கு நாட்டில் இந்த நாயின் வரலாறாகவும் இருக்கிறது என்பது இதன் வாதம்.

பழஞ்சான்றுகளில் நாய்

சங்க இலக்கியம் நாயை ஞமலி என்றும் ஞாளி என்றும் அழைக்கிறது. வேட்டை நாய் அங்கே அரிதான காட்சி அன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் என்னும் வேட்டுவர்கள் முயல் பிடிக்கும் முறை விரிவாகவே வருகிறது. வலைகளைத் தொடர்ச்சியாகக் கட்டி, நாய்களைக் கொண்டு புதர்களைக் கலைத்து, முயல் தப்ப வழியில்லாமல் வளைக்கிறார்கள். இங்கே நாயின் பணி விரட்டுவது, பிடிப்பது வலை. புதர் நிறைந்த நிலத்துக்கு ஏற்ற முறை இது. இதற்கு மோப்பமும் துணிவும் போதும், பெருவேகம் தேவையில்லை. ஆகவே இந்த ஞமலியைச் சிப்பிப்பாறையின் பாட்டன் என்று சொல்லிவிட முடியாது.

கல்வெட்டுச் சான்று திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்நடுகல், எருமைகளைக் காக்கப் போராடி இறந்த வீரனையும், கள்ளர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற அவனது நாயையும் சேர்த்துப் பதிவுசெய்கிறது. நாயின் பெயரையே கல்லில் பொறித்த மரபு ஏழாம் நூற்றாண்டிலேயே தமிழகத்தில் இருந்தது. ஆனால் கோவிவன் காவல் நாய், ஓட்ட நாயன்று.

கொங்கு நாட்டின் சொந்த நினைவு அண்ணன்மார் சாமி கதையில் உள்ளது. கதைநாயகர்களான பொன்னர் சங்கர் சகோதரர்கள் எதிர்கொள்ளும் கொம்பன் என்னும் பெரும்பன்றியின் கதையில் திருப்பம் தருவது பொன்னாச்சி என்ற சிறு பெண் நாய். அதை வேட்டைக்கு அழைக்காமல் விட்ட சகோதரர்கள் பிறகு அதன் துணையையே நாட வேண்டியதாகிறது. 1960களில் காங்கேயம் பகுதியில் களஆய்வு செய்த கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் இக்கதையைப் பாடகர்களிடமிருந்து ஒலிப்பதிவு செய்தார். கொங்கின் காவிய நாய் குட்டையானது, பன்றிக்கு எதிராக நிற்பது என்பது கவனிக்கத்தக்கது. புதரிலும் பள்ளத்திலும் நடக்கும் வேட்டையின் நினைவு அது.

இம்மூன்று சான்றுகளையும் அடுக்கினால் ஒன்று தெளிவாகிறது. விரட்டும் நாய், காவல் நாய், பன்றி நாய் மூன்றுக்கும் பழமை உண்டு. முயலை வெட்டவெளியில் ஓடிப் பிடிக்கும் நாய் வேறொரு நிலத்தைக் கேட்கிறது.

நிலம் செய்த நாய்

அந்த நிலம் தெற்கே சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல். கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லா வெளி. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊர்ப்பெயர். அப்பெயரையே நாயும் தாங்குகிறது.

கன்னி என்ற பெயருக்குக் கன்னிப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த நாய் என்று ஒரு கதை வழங்குகிறது. அதைவிட வலுவான விளக்கம் அதே மண்ணின் ஆட்டுக் கிடையில் கிடைக்கும். அங்கே கன்னி ஆடு என்றொரு இனம் உண்டு. கறுப்பு உடலில் முகத்திலும் காலிலும் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, செந்நிறக் கோடு இருந்தால் செங்கன்னி. கன்னி நாயும் கறுப்பு உடலில் புருவம், கன்னம், கால்களில் செந்நிறம் கொண்டதே. ஆட்டுக்கு வைத்த நிறப்பெயரை இடையர் நாய்க்கும் வைத்தார்கள் என்று கொள்வதே பொருத்தம். மாட்டின் நிறத்தை மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று சொல்லி அடையாளம் காணும் கொங்கு நாட்டாருக்கு இது விளங்காத வழக்கம் அல்ல.

கொங்கில் இந்நாய்க்கு இடம் கொடுத்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதி. காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்தில் பரந்திருக்கும் கொரங்காடு என்னும் மேய்ச்சல் காடு, பெயரில் காடு என்றாலும் உண்மையில் புல்வெளி. தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. கம்பும் சோளமும் அறுத்த பிறகு மானாவாரித் தோட்டங்களும் இதே போல் வெளியாகும்.

கரிசலுக்கும் கொரங்காட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கரிசலில் ஓட்டம் தடையற்றது. கொரங்காட்டில் சில ஏக்கருக்கு ஒரு வேலி குறுக்கிடும். முயல் வேலிக்கடியில் நுழைந்து அடுத்த காட்டுக்குப் போய்விடும். நாய் தாண்ட வேண்டும் அல்லது திரும்ப வேண்டும். இங்கே நேர்கோட்டு வேகத்தோடு திருப்பமும் நிதானமும் சேர்ந்த நாய்க்கே மதிப்பு இருந்திருக்கும் என்று கருதலாம். கருங்கழுத்து முயலும் நேராக ஓடுவதில்லை. நாயின் மூச்சு முதுகில் படும் கணத்தில் வெட்டித் திரும்பும். வேகத்தை மட்டும் நம்பிய நாய் முன்னால் பாய்ந்து ஏமாறும்.

இனப்பெருக்கம் ஏட்டில் எழுதப்படவில்லை. காங்கேயம் மாட்டைப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் பொறுக்கிப் பெருக்கியது. அது வரலாற்றில் பதிவானது. நாய் ஆட்டுக்காரரிடமும் சிறு குடியானவரிடமும் இருந்தது. கம்மங்கூழும் மோரும் தின்று வளர்ந்தது. எந்தப் பெட்டையை எந்தக் கடுவனோடு சேர்ப்பது என்ற முடிவை எடுத்தது காட்டில் கண்ட ஓட்டம். ஓடாத நாய்க்கு வாரிசு இல்லை. கொடுமையான தேர்வுதான், ஆனால் பிசகாத தேர்வு.

மலைமேல் ஒரு வேட்டை, கீழே ஒரு வேட்டை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோவைச் சமவெளிக்கு மேலே நீலகிரியில் ஆங்கிலேயர் ஊட்டி வேட்டைக் கழகத்தை நடத்தினார்கள். கப்பலில் வந்த ஃபாக்ஸ்ஹவுண்டு நாய்கள், குதிரைகள், சிவப்புச் சட்டைகள் எல்லாம் இருந்தன. நரி கிடைக்காத இடத்தில் குள்ளநரி இலக்கானது. அவை மோப்ப நாய்கள். கூட்டமாகக் குரைத்தபடி தடம் பிடிப்பவை. அந்த வேட்டைக்குப் பதிவேடு, படம், கழக விதி அனைத்தும் உண்டு. அடிவாரத்தில் ஓசையின்றி ஓடிய ஒற்றை நாய்க்கு அப்படி ஏதும் இல்லை. தமிழக நாய்களில் ஆங்கில எழுத்தில் ஓரளவு இடம் பெற்றது ‘போலிகர் நாய்’, அதாவது பாளையக்காரர் நாய். இன்றைய இராசபாளையம் நாயோடு இணைத்துப் பேசப்படும் அது உடல் பெருத்த காவல் மற்றும் பன்றி வேட்டை நாய்.

வெளி மூடிய கதை

கொங்கின் திறந்த நிலம் ஒரே நாளில் போய்விடவில்லை. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. தோட்டக் கிணறுகளுக்கு மின்மோட்டார் வந்தது. 1955இல் கீழ்பவானி அணை முடிந்து கால்வாய் பாய்ந்தது. 1960களில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்து மானாவாரி நிலத்தில் பாசனத்தைக் கொண்டுவந்தது. சோளக்காடு தென்னந்தோப்பானது. பின்னர் பனியன் தொழில், கோழிப்பண்ணை, காற்றாலை, வீட்டுமனை. விட்டுப்போன நிலத்தைச் சீமைக் கருவேலம் பிடித்தது. பார்வையால் வேட்டையாடும் நாய்க்குப் பார்வை எட்டாத நிலம் சுவருக்குச் சமம்.

சட்டமும் இதே காலத்தில் மாறியது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் சிறு விலங்கு வேட்டைக்கு உரிமம் பெறும் வழியை வைத்திருந்தது. 1991 திருத்தம் அந்த வழியை அடைத்தது. முயல் வேட்டை குற்றமானது. பிடித்து வைத்த முயலை அவிழ்த்துவிட்டு நாயை ஏவுவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கும் எதிரானது. பொங்கலையொட்டிச் சில ஊர்களில் முயல் வேட்டைக்குக் கிளம்புவதும், வனத்துறை எச்சரிப்பதும் அபராதம் விதிப்பதும் இன்றும் தொடர்கின்றன. மேய்ச்சல் வெளி சுருங்கிய மண்ணில் முயலுக்கே ஒதுங்க இடமில்லாதபோது, தடை நியாயமானது என்றே இக்கட்டுரை கொள்கிறது.

இங்கிலாந்து தரும் பாடம்

இந்த மாற்றம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. வட இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளர்கள் முயலை விட்டுவிட்டு, துணியை ஆட்டி அதை நோக்கி நாயை ஓடவிட்டார்கள். அந்த நேர்பாதைப் பந்தயத்தில் உருப்பெற்ற விப்பெட்டை 1891இல் கென்னல் கிளப் இனமாக ஏற்றது. லர்ச்சர் வேறு வழியில் போனது. கிரேஹவுண்டின் காலையும் ஆட்டு நாயான கோலியின் அறிவையும் சேர்க்க வேண்டுமென்றே கலந்து பெற்ற அந்த நாய் இன்றுவரை பதிவு பெற்ற இனம் அன்று. வேலையே அதற்குச் சான்றிதழ். 1836இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பை முயல் ஓட்டப் போட்டியில் முயலைத் திருப்பிய நாய்க்கும் புள்ளி கிடைத்தது. கொல்வது மட்டுமே வெற்றியாகக் கருதப்படவில்லை. அப்போட்டியும் 2004ஆம் ஆண்டின் வேட்டைத் தடைச் சட்டத்தால் 2005உடன் நின்றது.

நேர்கோட்டு வேகத்தை மட்டும் தேடினால் என்ன ஆகும் என்பதற்கும் விப்பெட்டே சான்று. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டேட்டின் மரபணுவில் ஒரு பிறழ்வு அவ்வினத்தில் இருப்பதை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. பிறழ்ந்த படி ஒன்று இருந்தால் நாய் பந்தயத்தில் முந்துகிறது. இரண்டும் பிறழ்ந்திருந்தால் தசை புடைத்து, விப்பெட் என்றே தெரியாத உருவம் பிறக்கிறது. வேகமான இரண்டைச் சேர்த்தவருக்குக் கிடைத்த பரிசு அது.

கொங்கு வட்டாரத்திலும் அண்மைக் காலமாக நாய்ப் பந்தயங்கள் நடக்கின்றன. நேர்பாதை, மோட்டார் இழுக்கும் போலி முயல், நொடிக் கணக்கு. முயல் சாகவில்லை என்பது நல்லதே. ஆனால் கிரேஹவுண்டைக் கலந்தால் நொடிகள் குறையும் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கலப்பைக் கலப்பென்று சொல்லி வளர்த்தால் அது லர்ச்சர் வழி, அதில் குற்றமில்லை. கலந்த குட்டியைச் சிப்பிப்பாறை என்று விற்பதுதான் சிக்கல். வெயில் தாங்கும் உடல், கூழில் பிழைக்கும் வயிறு, வெட்டித் திரும்பும் கால் ஆகிய மூன்றும் நொடிக் கணக்கில் தெரிவதில்லை.

அங்கீகாரமும் இடைவெளியும்

அரசின் கவனம் 1980களில் சென்னை சைதாப்பேட்டையில் அமைந்த நாய் இனப்பெருக்கப் பிரிவில் தொடங்குகிறது. 2005 ஜனவரியில் அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாய் அஞ்சல்தலைகளில் இராசபாளையம் இடம்பெற்றது. தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாயினங்கள் பற்றி எழுதிய ஆங்கில நூல் பொதுவாசகரின் பார்வையைத் திருப்பியது. 2020இல் கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபுவளப் பணியகம் இராசபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றையும் நாட்டின் முதல் நாயினங்களாகப் பதிவுசெய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையில் சிப்பிப்பாறையும் கன்னியும் பெயர் சொல்லப்பட்டன.

அங்கீகாரம் விலையை ஏற்றியது. குட்டி வியாபாரம் பெருகியது. கர்நாடகம் முதோல் அருகே திம்மாபூரில் 2009இலேயே நாய் ஆய்வு மையம் தொடங்கி வம்சாவளியைப் பதிவு செய்கிறது. காங்கேயம் மாட்டுக்கு ஆய்வும் அறக்கட்டளையும் கண்ட கொங்கில், முயல் நாய்க்கு அதற்கு இணையான ஏற்பாடு உருவாகவில்லை.

முடிவுரை

பார்வை வேட்டை நாயை மூன்று தேர்வுகள் நடத்தி வந்தன: திறந்த நிலம், திரும்பி ஓடும் முயல், அரைவயிற்று உணவு. முதலாவதைப் பாசனமும் மனையும் கொண்டுபோயின. இரண்டாவதைச் சட்டம், சரியாகவே, நிறுத்தியது. மூன்றாவது, பையில் விற்கும் தீனியில் முடிந்தது. மிச்சமிருப்பது உருவம் ஒன்றே. உருவத்தை மட்டும் காத்தால் சில தலைமுறைகளில் அது சிப்பிப்பாறை வேடமிட்ட வேறு நாயாகிவிடும்.

வேட்டையை மீட்கத் தேவையில்லை. தேர்வை மீட்க வேண்டும். 1970களில் அமெரிக்காவில் உருவான வளைபாதைப் போலி முயல் ஓட்டம், கப்பிகள் வழியே இழுகயிற்றைத் திருப்பித் திருப்பி முயலின் போக்கையே காட்டுகிறது. அதற்குத் தேவை சில ஏக்கர் புல்வெளி. கொரங்காடுகளில் அது இன்னும் இருக்கிறது. அங்கே ஓட்டி, வேகத்தோடு திருப்பத்துக்கும் புள்ளி கொடுத்து, வென்ற நாயின் பெற்றோர் பெயரை ஏட்டில் எழுதினால் போதும். கோவிவனின் பெயரைக் கல்லில் வெட்டியவர்களின் வழிவந்தோருக்கு, ஒரு நாயின் தாய் தந்தை பெயரைத் தாளில் எழுதுவது பெரிய வேலை அல்ல.